பெரியப்பாவுக்கு எந்த மருந்து?

முருகன் (செம்பூர்): அப்பாவுக்கு எலும்பு வலிக்காக மார்பின் மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் இறுகிவிட்டது. இன்றோடு நான்கு நாள் ஆகிறது, வயிறும் உப்பியிருக்கிறது. நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கலாமா?

சுப்பையா சித்தப்பா (தாராவி): இரவில் இரண்டு கரண்டி இசப்கோல் கொடு. நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன்.

கோமதி அத்தை (பாளையங்கோட்டை): கடுக்காய்ப்பொடிக்கு மிஞ்சியது எதுவுமில்லை.

செல்வி (முலுண்ட்): சித்தப்பா, இசப்கோல் வேண்டாம். மார்பின் மூளையில் வலியை அடக்குவதுபோலவே குடலின் அசைவையும் அடக்கிவிடுகிறது. மலம் அங்கேயே தங்குவதால் அதிலுள்ள நீரும் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகிறது. இசப்கோல் நீரை இழுத்து உப்பும், ஆனால் அதைத் தள்ளிவிடக் குடல் அசைய வேண்டும். பெரியப்பாவோ தண்ணீரே சரியாகக் குடிப்பதில்லை என்பதால் அதுவே அடைத்துக்கொள்ளக்கூடும். மயக்கமும் குமட்டலும் நாளடைவில் பழகிவிடும், இந்தச் சிக்கல் பழகாது. முருகா, வாந்தி இருக்கிறதா? காற்று பிரிகிறதா?

சுப்பையா சித்தப்பா: அப்படியானால் விளக்கெண்ணெய். சிறுவயதில் ஆத்தா சங்கோடு வந்தால் அண்ணன் மச்சில் ஏறிக்கொள்வான். அவன் பங்கும் எனக்கே வரும்.

கோமதி அத்தை: ஊர் வீட்டிலும் அப்படித்தானே வந்தது.

சுப்பையா சித்தப்பா: அதை இங்கே எழுத வேண்டுமா அக்கா?

முருகன்: வாந்தி இல்லை, காற்று பிரிகிறது.

செல்வி: நல்லது. வாந்தியோ கடும் வயிற்றுவலியோ வந்தால் எந்தப் பேதி மருந்தும் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடு. மூலிகைதான் வேண்டுமென்றால், நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலவாகை இருக்கிறது. குடலைத் தூண்டி அசைய வைப்பதால், இந்த வகைச் சிக்கலுக்கு மருத்துவர்களே அதன் சத்தைச் சென்னா மாத்திரையாக எழுதித் தருகிறார்கள். இரவில் கொடுத்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும். சூரணத்தில் அளவு பிடிபடாது, மாத்திரையே மேல். நான்கு நாள் ஆனதால் இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடு. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் பாகையும் அவர் சேர்க்கச் சொல்லலாம். மார்பினை நீயாக நிறுத்தாதே, வலி திரும்பிவிடும்.

கோமதி அத்தை: கடுக்காயையும் சேர்த்தே கொடுக்கலாமே?

செல்வி: வேண்டாம் அத்தை. இரண்டையும் கொடுத்து வயிறு பிடுங்கினால் எதனால் என்று தெரியாது.

கோமதி அத்தை: இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுவிட்டேன். நாளை கொரியரில் வரும்.

முருகன்: மருத்துவர் தொலைபேசியை எடுக்கவில்லை, மறுபடி கூப்பிடுகிறேன். மாத்திரையை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

சுப்பையா சித்தப்பா: நான் குர்லாவில் வண்டி மாறிக்கொண்டிருக்கிறேன். இசப்கோலும் கையில் இருக்கிறது.

செல்வி: சித்தப்பா!