கோவை "இரண்டு மணி நேரமா"? பிளஸ் டூ முடித்த மலைப்பிள்ளைகள் எங்கே போவது

மஞ்சூரான்:
நேற்று நீலகிரியில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற கேத்தியிலிருந்து ஒரு தங்கை இங்கே கேட்டிருந்தார். அரசுப் பள்ளி, பிளஸ் டூவில் 541 மதிப்பெண். அடுத்து கோவையா, மைசூரா, சென்னையா, இல்லை ஊட்டியிலேயே படிப்பதா என்று. நல்ல கேள்வி. அதற்குக் கோத்தகிரி அக்கா ஒருவர் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "யோசிக்கவே வேண்டாம், கோவைதான். இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில்" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு மணி நேரமா? எந்த வண்டியில்? ஊட்டி வண்டி மேட்டுப்பாளையம் சாலை பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு, பர்லியார், பதினான்கு கொண்டை ஊசி வளைவு, குன்னூர் என்று ஏறி வருவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிடும். சனி ஞாயிறு என்றால் நாலு. நான் கோவையில் மூன்று வருஷம் படித்தவன். என் ஊர் மஞ்சூருக்கும் அப்பால். ஒரு நாள்கூட இரண்டு மணி நேரத்தில் வீடு சேர்ந்ததில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற விஷயத்தில் இப்படியா எழுதுவது?

கோத்தகிரி தேயிலை:
தம்பி, நான் கோத்தகிரிக்காரி. என் மகன் கோவைப் பீளமேட்டில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை 35. இரண்டு மணி நேரம்தான் ஆகும். வாராவாரம் வருகிறான், வாராவாரம் நான்தான் சோறு போடுகிறேன். என் வீட்டுக் கடிகாரத்தை நீங்கள் பார்த்தீர்களா?

மஞ்சூரான்:
கேட்ட பிள்ளை கேத்தி. கோத்தகிரி இல்லை. கேத்தியிலிருந்து உங்கள் வீட்டு வாசல் வழியாகவா போகப் போகிறார்?

கோத்தகிரி தேயிலை:
பத்து இருபது நிமிஷம் கூடும். அதற்காக ஊர் கூட்டி அழ வேண்டுமா?

மஞ்சூரான்:
பத்து இருபது நிமிஷமாம். எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேத்திப் பெண்:
அண்ணா, அக்கா, கேள்வி கேட்டது நான்தான். தூரம் மட்டும் இல்லை. ஹாஸ்டல் செலவு, வெயில், தனியாக இருக்கிற பாதுகாப்பு எல்லாம் தெரிய வேண்டும். அப்பாவுக்கு அரை ஏக்கர் தேயிலை மட்டும்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்க ஆசை.

இந்துநகர் பழையவன்:
பாப்பா, நான் சொல்வதைக் கேள். 1960-ல் இங்கே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஃபிலிம் தொழிற்சாலை வந்தபோது ஊட்டிப் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கவே வேண்டியதில்லை என்று நினைத்தோம். என் அப்பா அங்கே வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தது. இன்று அந்தக் கட்டடங்களுக்குள் புல் முளைத்துக் கிடக்கிறது. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவம், குன்னூரில் பாஸ்டியர் நிறுவனம், இவற்றை விட்டால் மீதி லாட்ஜும் தேயிலையும்தான். படிப்பை மலையில் முடித்தாலும் வேலைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். எப்படியும் இறங்கப் போகிறோம் என்றால் பதினேழு வயதிலேயே எதற்கு? ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-லிருந்து இருக்கிறது. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் அதன் வளாகத்தில்தான் இருக்கிறது. வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு மூன்று வருஷம் படி. அப்புறம் இறங்கு.

கூடலூர் நண்பன்:
நீலகிரி என்றால் ஊட்டியும் குன்னூரும் கோத்தகிரியும் மட்டும்தானா? கூடலூர், பந்தலூர் என்று இரண்டு தாலுகா இருப்பது இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் ஊரிலிருந்து கோவைக்கு அஞ்சு மணி நேரம். மைசூருக்கு மூன்று. இறக்கமும் கிடையாது, வாந்தியும் கிடையாது, ஊர் சுத்தம், வெயிலும் அளவாக இருக்கும். கோவை கோவை என்று கத்துகிறவர்கள் ஒரு தடவையாவது மைசூரைப் பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சூரான்:
பாருங்கள், கூடலூர்க்காரருக்கு அஞ்சு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்றவர் எங்கே போனார்?

கோத்தகிரி தேயிலை:
எங்கேயும் போகவில்லை. கூடலூர் நண்பரே, மைசூர் நல்ல ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மைசூர் போகிற பந்திப்பூர்க் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள். 2009-லிருந்து அப்படித்தான். ஹாஸ்டலில் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்று போன் வந்தால் விடியும்வரை செக்போஸ்டில் நிற்பீர்களா?

இன்னொன்று. இந்தப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அது கர்நாடகாவில் கிடைக்குமா? அரை ஏக்கர்த் தேயிலைக்காரர் மகளை மைசூருக்கு அனுப்பச் சொல்கிறீர்களே, பணத்தை நீங்கள் கட்டுவீர்களா?

கூடலூர் நண்பன்:
செக்போஸ்ட் பற்றி எங்களுக்கே பாடமா? யானை வாசலில் நிற்கும்போது பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். உங்களுக்குச் சீசன் டிராஃபிக்கே பெரிய துன்பம்.

கேத்திப் பெண்:
அக்கா, விடுதிக் கட்டணமும் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்துமா? கவுன்சலிங்கில் எப்படிக் கேட்க வேண்டும்?

மஞ்சூரான்:
அதை அப்புறம் பார்க்கலாம் தங்கை. முதலில் அக்கா "இரண்டு மணி நேரம்" என்று எழுதியதைத் திருத்தட்டும்.

கொடைக்கானல் வெள்ளி:
எங்கள் மலையிலும் இதே கதைதான். கொடைக்கானல் பிள்ளைகள் வத்தலக்குண்டு இறங்கி மதுரை, திண்டுக்கல் என்று போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-லிருந்து ஊரிலேயே இருக்கிறது. உங்களுக்குக் கோவை பக்கத்தில் இருப்பதே பெரிய கொடுப்பினை. இதற்குப் போய்ச் சண்டை போடுகிறீர்களே.

இந்துநகர் பழையவன்:
கொடைக்கானல் நண்பரே, அது பழனி மலை. இது நீலகிரி. போன மாதம், மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் விஷயத்தில் "ஊட்டிதான் கூட்டத்தை இழுக்கிறது, எங்களுக்கும் சேர்த்துக் கட்டுப்பாடு" என்று எழுதியது நீங்கள்தானே? நான் மறக்கவில்லை.

கொடைக்கானல் வெள்ளி:
நான்தான். அதில் என்ன தப்பு? 2024 மே மாதம் இரண்டு மலைக்கும் ஒன்றாகத்தான் போட்டார்கள். 2025 சீசனில் உங்களுக்கு வார நாளில் ஆறாயிரம் வண்டி, எங்களுக்கு நாலாயிரம்தான். யாருக்கு நஷ்டம்?

கோத்தகிரி தேயிலை:
நஷ்டம் என்றால் எங்களைக் கேளுங்கள். சீசன் வந்தால் ஊட்டிக்கு ஏறுகிற வண்டியெல்லாம் குன்னூர் வழி, இறங்குகிற வண்டியெல்லாம் கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுகிறார்கள். ஊட்டியில் ஓட்டல் நிறையும், எங்கள் கடைவீதியில் புகை நிறையும். பால் வாங்கத் தெருவைக் கடக்க முடியாது.

மஞ்சூரான்:
அக்கா, நன்றாகச் சொன்னீர்கள். இறங்குகிற வண்டியெல்லாம் உங்கள் வழி. அந்த நெரிசலிலும் இரண்டு மணி நேரம்தானா?

கோத்தகிரி தேயிலை:
மே மாதம் கல்லூரியே லீவு தம்பி!

இந்துநகர் பழையவன்:
யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீடுகளில் மின்விசிறியே கிடையாது. ஊட்டி 2,240 மீட்டர், கோவை 400 சொச்சம். என் அண்ணன் மகள் ஒரு ஏப்ரல் மாதம் அங்கே ஹாஸ்டலில் சேர்ந்தாள். உடம்பெல்லாம் வேர்க்குரு, இருபது நாள் தூக்கமே இல்லை. போனில் அழுவாள்.

கூடலூர் நண்பன்:
அதற்குத்தான் மைசூர் என்றேன்.

கேத்திப் பெண்:
வெயில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊட்டிக் கல்லூரியில் படித்துவிட்டு அப்புறம் வேலைக்கு இறங்கினாலும் அதே வெயில்தானே ஐயா?

இந்துநகர் பழையவன்:
இருபது வயதில் தாங்கும் பாப்பா. அப்போது உடம்பும் மனசும் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும்.

கோத்தகிரி தேயிலை:
இவர் பேச்சைக் கேட்டால் நம் பிள்ளைகள் யாருமே உருப்பட மாட்டார்கள். பச்சைத் தேயிலை போட்டு என் மகனைப் படிக்க வைக்கிறேன். இங்கேயே இருந்திருந்தால் அவனும் கொழுந்து மூட்டைதான் தூக்கியிருப்பான். கோவை என்றால் பக்கத்திலேயே வேலையும் இருக்கிறது. மில் இருக்கிறது, பம்பு கம்பெனி இருக்கிறது, சாஃப்ட்வேர் இருக்கிறது. வாராவாரம் அம்மா முகத்தையும் பார்க்கலாம். இரண்டே மணி நேரம்.

மஞ்சூரான்:
மறுபடியும்! சரி, நான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன்.

2009 நவம்பர். நான் கோவையில் கடைசி வருஷம். என்னை வளர்த்தவர் என் பாட்டி. அம்மா எஸ்டேட்டுக்குப் போய்விடுவார், அப்பா வெளியூரில். பாட்டிக்கு முடியவில்லை என்று திங்கள்கிழமை போன் வந்தது. "பரீட்சை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறேன், பக்கம்தானே" என்று சொன்னேன். பக்கம்தானே என்று எனக்கும் யாரோ சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம்தான் அந்த மழை. கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மலை முழுக்க மண்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குன்னூர் சாலை போச்சு, ரயில் தண்டவாளம் போச்சு. போன் எடுக்கவில்லை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு இன்னொரு சாலை உண்டு, 43 கொண்டை ஊசி வளைவு, அதில் போகலாம் என்று ஒரு ஜீப்காரரிடம் கெஞ்சினேன். மரம் விழுந்து கிடக்கிறது என்றார். நான் ஊர் சேர்ந்தபோது பாட்டியை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். கோவைக்குப் போக வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எனக்குச் சோறு போடுகிற படிப்பை அந்த ஊர்தான் கொடுத்தது. ஆனால் இரண்டு மணி நேரம் என்று சொல்லி அனுப்பாதீர்கள். தூரம் என்று தெரிந்து போகிற பிள்ளை, போன் வந்த அன்றைக்கே கிளம்பிவிடும்.

கொடைக்கானல் வெள்ளி:
மனசு கனத்துவிட்டது நண்பரே.

கோத்தகிரி தேயிலை:
தம்பி, பாட்டி விஷயம் கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த மழையில் எங்கள் பக்கமும் வீடுகள் போயின. ஆனால் அது 2009. அப்படி ஒரு மழை எப்போதோ ஒரு முறை வருவது. அதை வைத்து எல்லா வெள்ளிக்கிழமையையும் அளக்க முடியாது. நான் பொய் சொல்லவில்லை. என் மகன் வருகிற நேரத்தைத்தான் சொன்னேன்.

மஞ்சூரான்:
எப்போதோ ஒரு முறையா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் ஊருக்குப் பக்கம். அதையும் கணக்கில் விட்டுவிட்டீர்கள்.

கூடலூர் நண்பன்:
அந்த மழையில் எங்கள் ஊரும்தான் தத்தளித்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. எப்போதும் போல.

கேத்திப் பெண்:
அண்ணா, உங்கள் பாட்டி கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும் அந்த 7.5 பற்றி மறுபடியும் கேட்கச் சொன்னார். யாராவது சொல்லுங்களேன்.

மஞ்சூரான்:
சொல்கிறேன் தங்கை. அதற்கு முன்னால் ஒன்று. அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை நான் வேலையாகக் கோவை வருகிறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேட்டுப்பாளையம் சாலை பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறேன். குன்னூர் தாண்டிக் கேத்திப் பிரிவில் இறங்கி, அங்கே நின்று மணியை எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கட்டும்.

கோத்தகிரி தேயிலை:
எந்த வழி வண்டி?

மஞ்சூரான்:
குன்னூர் வழி. கேத்திக்கு அதுதானே வழி?

கோத்தகிரி தேயிலை:
அப்படியென்றால் நான் சொன்ன வண்டியே அது இல்லை. கோத்தகிரி வழி வண்டியில் ஏறிப் பாருங்கள் என்றுதானே முதலிலிருந்து சொல்கிறேன்.