அம்மா நூறு நாள் வேலையில் மயங்கிவிட்டார், எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்?

குடியாத்தம் பக்கம்:
கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை, இங்கே இப்பவே வெயில் கொளுத்துகிறது. அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ஏரி வேலைக்குப் போகிறார். நேற்று மதியம் வரும்போதே தலைவலி, வாந்தி, கெண்டைக்காலில் பிடிப்பு, உடம்பெல்லாம் வியர்வை. மோர் குடித்துப் படுத்தார், சாயங்காலம் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தால் போதும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, எது சாதாரணம், எது ஆபத்து?

சுகாதார நிலையச் செவிலியர்:
தம்பி, நேற்று வந்தது வெப்பச் சோர்வு மாதிரிதான் தெரிகிறது. நிழலில் படுக்க வைத்து நீர் கொடுத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தேற ஆரம்பிக்க வேண்டும், தேறவில்லை என்றாலோ வாந்தி நிற்கவில்லை என்றாலோ ஆஸ்பத்திரிதான். அதைவிட முக்கியம், பேச்சைக் கவனியுங்கள். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்புச் சூடு 40 செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நிறைய பேர் காத்திருக்கிறார்கள், அது தப்பு, வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும்.

அப்படி ஆனால் 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்கு இழுத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள், ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுவது அந்த முதல் அரை மணி நேரம்தான். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. எண்ணெய் வைப்பதில் நேரத்தை விடாதீர்கள்.

பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர்:
செவிலியர் அக்கா சொன்னது அத்தனையும் சரி. வேலை இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி மூன்றும் வைக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே இருந்தது, இல்லை என்றால் ஊராட்சிச் செயலரிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள், தனியாகப் போனால் காதில் விழாது. போட்டோ எடுத்துப் பதியும் வருகைக்காக மயக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். ஒரு நாள் கூலி போனால் போகட்டும், அம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும், அதனால் புதிதாக வந்தவரும் நோயில் கிடந்து திரும்பியவரும் முதல் சில நாட்கள் பாதி வேலைதான் செய்ய வேண்டும்.

குடியாத்தம் பக்கம்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார், வெயில் காலத்தில் நிறுத்தலாமா? ஓ.ஆர்.எஸ். தினமும் கொடுக்கலாமா?

சுகாதார நிலையச் செவிலியர்:
நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் நீர் மாத்திரை உடம்பு நீரை வெளியேற்றும், அதனால் நேற்று நடந்ததைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஓ.ஆர்.எஸ். தினமும் தேவையில்லை, அதிகம் வியர்த்த நாளிலும் வாந்தி எடுத்த நாளிலும் கொடுங்கள், 1 லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். மற்ற நாட்களில் தண்ணீரோடு நீர்மோர், நீராகாரம் போதும், தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. வீடு சிமெண்ட் ஷீட் கூரையா? அப்படியென்றால் ராத்திரியிலும் சூடு இறங்காது, படுக்கும் முன் குளிக்கச் சொல்லி, திண்ணையிலோ காற்றோட்டமான இடத்திலோ படுக்க வையுங்கள்.