பிள்ளைகளையும் போக்கிடம் இல்லாத பெரியவர்களையும் ஒரே வீட்டில் வைக்கலாமா?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். எங்கள் நண்பர் குழுவில் ஒருவருடைய பெரியப்பா, காலமாகும் முன் தன் வீட்டை நல்ல காரியத்துக்கென்று எழுதிவைத்துவிட்டார். பழைய வீடு, இரண்டு மாடி, பின்னால் விசாலமான காலி இடம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். கூடவே பெரியவர்கள் எட்டுப் பத்துப் பேர்: கணவன் கைவிட்ட பெண்கள், குடியிலிருந்து மீண்டவர்கள், வேலை போய் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தவர்கள். அவர்கள் சமைப்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அம்மா அப்பா கிடைத்த மாதிரியும் ஆகும், பெரியவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றியது.

குழுவில் பாதிப்பேர் இதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார்கள். மீதிப்பேர் "இது சரியா வராது" என்கிறார்கள், ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கட்டில்களுக்குச் சொல்லிவைத்தாயிற்று.

பொடிநடை

ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். அந்த இருபது பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே யாரும் இல்லையா?

யுனிசெஃப் கணக்கில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே 'அநாதை' பட்டியலில் சேர்ந்துவிடும். 2015இல் உலகம் முழுக்க அப்படிச் சுமார் 14 கோடிப் பிள்ளைகள் என்றார்கள். அதில் இருவரையும் இழந்தவர்கள் ஏறத்தாழ 1.5 கோடி. மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். இருவரும் இல்லாதவர்களில்கூடப் பலருக்குப் பாட்டியோ சித்தியோ இருப்பார்கள். அவர்களிடம் இல்லாதது பெரும்பாலும் காசுதான், பாசம் அல்ல. பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக ஐநா பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள், வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. ஒரு பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள ஆகும் செலவில் ஒரு பகுதியைப் பாட்டி கையில் கொடுத்தால் போதுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வாசற்படி

நான் ஹோம்ல வளர்ந்தவ. இப்போ ஹோம்ல இருந்து வெளிய வர்ற பதினெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு ரூம் பார்த்துக் கொடுக்கிறது, வேலை தேடிக் கொடுக்கிறதுன்னு ஓடிக்கிட்டு இருக்கேன். நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

"அம்மா அப்பா கிடைச்ச மாதிரி"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த 'மாதிரி'தான் எனக்குப் பயம். நான் எத்தனை பேரை அம்மான்னு கூப்பிட்டேன்னு கணக்கே கிடையாது. ஒருத்தங்க வருவாங்க, தலை பின்னி விடுவாங்க, பக்கத்துல படுக்க வெச்சுக்குவாங்க, ஆறு மாசத்துல வேற வேலை கிடைச்சுப் போயிடுவாங்க. அடுத்த அம்மா வருவாங்க. கொஞ்ச நாள்ல பிள்ளைங்களே உஷாராகிடும், யார்கிட்டயும் ஒட்டாது. இல்லேன்னா வாசல்ல வந்து நிக்கிற எல்லார் மடியிலயும் ஏறி உக்காரும். பார்க்க வர்றவங்க "எவ்வளவு பாசமா பழகுது பாருங்க"ன்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க. அது பாசம் இல்லீங்க.

இதை என் கதையா மட்டும் எடுத்துக்க வேண்டாம். ருமேனியாவுல, புக்கரெஸ்ட்ல, 2000க்குப் பக்கத்துல ஓர் ஆய்வு தொடங்கினாங்க. காப்பகங்கள்ல இருந்த 136 கைக்குழந்தைங்களைக் குலுக்கல் முறையில ரெண்டு பாதியாப் பிரிச்சு, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க அறிவு வளர்ச்சியிலயும் மனுஷங்களோட ஒட்டுறதுலயும் மேல இருந்தாங்க. ரெண்டு வயசுக்கு முன்னாடியே போனவங்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அந்தக் குழந்தைங்களுக்குக் காப்பகத்துல கட்டிலும் இருந்துச்சு, சாப்பாடும் இருந்துச்சு. மாறாத ஒரு முகம்தான் இல்ல.

இப்போ உங்க பெரியவங்க விஷயம். அடி தாங்காம நேத்து ராத்திரி வீட்டை விட்டு வந்த பொண்ணு கையில, காலையில இருபது பிள்ளைங்களைக் கொடுப்பீங்களா? அவளே தூங்கி எத்தனை நாளாச்சோ. தங்க இடம் கொடுத்திருக்கீங்கன்னு அவளால முடியாதுன்னும் சொல்ல முடியாது. சம்பளம் இல்லாத ஆயா வேலைக்குப் புகலிடம்னு பேர் வெச்ச மாதிரி ஆகிடும். நிலைமை கொஞ்சம் தேறினதும் அவ போகத்தான் செய்வா, போகணும். அப்போ பிள்ளைங்களுக்கு இன்னொரு அம்மா போச்சு.

அதுக்காக ரெண்டையும் சேர்க்கவே கூடாதுன்னு சொல்லல. நல்லா சேர்த்தவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல இலினாய் மாநிலத்துல ராண்டூல்னு ஒரு சின்ன ஊர். விமானப்படைத் தளம் மூடினதும் அங்க இருந்த குடியிருப்புகளை வெச்சு 1994ல பிரெண்டா ஈஹார்ட்டுங்கிற சமூகவியல் பேராசிரியர் 'ஹோப் மெடோஸ்'னு ஒரு குடியிருப்பு தொடங்கினாங்க. அரசுப் பராமரிப்பில் இருந்த பிள்ளைங்களைத் தத்தெடுக்கிற குடும்பங்கள் ஒரு பக்கம், வயசானவங்க இன்னொரு பக்கம். வயசானவங்களுக்கு வாடகை குறைவு, பதிலுக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம் பிள்ளைங்களோட செலவழிக்கணும்னு அப்போ ஏற்பாடு: பாடம் சொல்லிக்கொடுக்கிறது, சாலை கடத்தி விடுறது, நூலகத்துல உக்கார்றது.

கவனிச்சீங்களா? ஆறு மணி நேரம். அதுக்கு மேல அவங்க வாழ்க்கை அவங்களுக்கு. தனி வீடு, தனிச் சாவி. பிள்ளைக்கு அம்மா அப்பா இருக்காங்க, இவங்க பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டி. யார் பெத்தவங்க இடத்துல இருக்காங்க, யார் பக்கத்து வீட்டுக்காரங்க, யார் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்கன்னு அங்க குழப்பமே இல்ல. உங்க திட்டத்துல இந்த மூணும் ஒரே ஆள் தலையில விழுது.

இன்னொண்ணு. பெரிய சமையலறைல ஐம்பது பேருக்கு ஆக்குற இடத்துல வளர்ந்தா, ஒரு வீடு எப்படி ஓடுதுன்னே தெரியாது. மின்சாரத்துக்குப் பில் வரும்ங்கிறதே நான் வெளிய வந்து தனி ரூம் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாசக் கடைசியில கையில காசு இல்லேன்னா வீட்டுல பெரியவங்க என்ன பண்ணுவாங்க, எதை ஒத்திப்போடுவாங்க, இதெல்லாம் கூட இருந்து பார்த்தாதானே வரும்? எங்ககிட்ட யாரும் ஒளிக்கல. பார்க்கிறதுக்கு அங்க ஒரு வீடு இல்ல, அவ்வளவுதான்.

திண்ணைக்காரன்

வாசற்படி அக்கா எழுதினதுக்கு அப்புறம் எனக்குச் சொல்ல அதிகம் இல்ல. ஆனா 'குடியிலிருந்து மீண்டவர்கள்'ங்கிற பட்டியல்ல வர்ற ஆள் நான். அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தன் பேசணும்ல.

என்னைப் பிள்ளைங்களைப் பார்த்துக்கச் சொன்னா பார்த்துப்பேனா? நல்ல நாள்ல நல்லா பார்த்துப்பேன். கெட்ட நாள்ல எனக்கு ஒரு கதவு வேணும், உள்ள போய்ச் சாத்திக்கிறதுக்கு. உங்க வீட்டுல அந்தக் கதவு எங்க இருக்குன்னு யோசிங்க.

நான் தங்கின விடுதிகள்ல எல்லாம், முதல்ல குடியை விடு, கூட்டத்துக்கு வா, கூட்டிப் பெருக்கு, ஒழுங்கா இருந்தா இடம் நிரந்தரம்னுதான் பேச்சு. ஒருதரம் சறுக்கினா படுக்கை போச்சு, திரும்ப ரோடு. இதைத் தலைகீழாப் பண்ணினார் சாம் செம்பரிஸ்னு ஒரு உளவியலாளர், நியூயார்க்ல, 1992ல. முதல்ல வீட்டைக் கொடு, நிபந்தனை போடாதே, மத்ததை அப்புறம் பேசு. ஃபின்லாந்து 2008ல இருந்து இதையே அரசுக் கொள்கையா எடுத்துக்கிட்டு, பெரிய பெரிய தங்கும் விடுதிகளை வாடகை ஒப்பந்தம் உள்ள சின்ன வீடுகளா மாத்திச்சு. சிரிப்பீங்க, எனக்குக் குடி குறைஞ்சதே என் பேர்ல ஒரு வாடகைச் சீட்டு வந்த பிறகுதான்.

பெல்ஜியத்துல ஹேல்னு ஒரு ஊர். மனநோய் உள்ளவங்களை 13ஆம் நூற்றாண்டுல இருந்து சாதாரணக் குடும்பங்கள் தங்க வெச்சுக்கிற ஊர். 1930கள்ல 3,000க்கும் மேல இருந்தாங்களாம். இளகின மனசை மட்டும் நம்பி அது இவ்வளவு காலம் ஓடல. பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கு, குடும்பத்துக்குப் பணம் போகுது, ராத்திரி என்ன ஆனாலும் கூப்பிட ஆள் உண்டு. உங்க வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடணும், இளவேனில்?

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. திண்ணைக்காரன் அண்ணா, உங்கள் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. குழுவில் நேற்று பெரிய வாக்குவாதம். வீட்டை விற்க முடியாது, உயிலில் அப்படி இருக்கிறது. இருக்கிற இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்? வாசற்படி அக்கா, கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

வாசற்படி

வீட்டை விற்க வேண்டாம், உடைச்சுப் பிரிங்க. ஒவ்வொரு மாடியிலயும் தனிச் சமையலறையோட ஒரு முழு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு தம்பதியோ, ஒரு பொறுப்பான பொண்ணோ, நியாயமான சம்பளத்தோட, நாலஞ்சு பிள்ளைங்களோட. கூடப்பிறந்தவங்களை ஆண், பெண்ணுன்னு பிரிக்காதீங்க. என் தம்பியும் நானும் ஒரே ஹோம்ல இருந்தும் பார்த்துக்கிட்டது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். 1949ல ஹெர்மன் க்மைனர் ஆஸ்திரியாவுல தொடங்கின எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமங்களோட அடிப்படையே இதுதான்: ஒரு வீடு, ஒரு அம்மா, சேர்ந்தே வளர்ற கூடப்பிறந்தவங்க. அங்கயும் குறை உண்டு. பெரிய கூடத்துல வரிசையாப் படுக்கை போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

பெரியவங்களுக்குப் பின்னால இருக்கிற இடத்துல தனித்தனி அறை கட்டுங்க, தனி வாசலோட, உள்ள தாழ்ப்பாளோட. வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் அவங்க பேர்ல சீட்டு எழுதுங்க. நடுவுல முற்றம் பொதுவா இருக்கட்டும். பிள்ளைங்களோட பழகணும்னு விருப்பம் இருக்கிறவங்க, பின்னணி விசாரிச்ச பிறகு, நேரம் குறிச்சு, நாலு பேர் கண்ணுக்குத் தெரியிற இடத்துல பழகட்டும். விருப்பம் இல்லாதவங்களை ஏன்னு கேட்கக் கூடாது. மனசு நோக வேண்டாம், இந்த விதி உங்க குழுவுல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். தப்பு பண்றவன் பெரும்பாலும் மரியாதையான ஆளாத்தான் உள்ள வருவான்.

பிள்ளை புகார் சொல்ல உங்க நிர்வாகத்துக்கு வெளிய ஒரு ஆள் வேணும். அவங்க நம்பர் பிள்ளைக்கே தெரியணும். போலந்துத் தலைநகர் வார்சாவுல 1912ல தொடங்கின அநாதை இல்லத்துல அதை நடத்தின டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் பிள்ளைங்களையே நீதிபதிகளா உக்கார வெச்சு ஒரு நீதிமன்றம் நடத்தினார். பெரியவங்க மேலயும் அங்க வழக்குப் போடலாம். நிர்வாகியான அவரே அந்தப் பிள்ளைங்க முன்னாடி நின்னு பதில் சொல்லியிருக்கார். நீதிமன்றம் எல்லாம் நீங்க வைக்க வேண்டாம். "இங்க வேலை பார்க்கிற அண்ணன் அடிச்சார்"னு ஒரு பத்து வயசுப் பிள்ளை சொன்னா, அதை யார் எழுதி வைப்பாங்க, யார் படிப்பாங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க.

பதினெட்டு முடிஞ்சு போற பிள்ளை திரும்பி வந்து தங்கறதுக்கு ஒரு அறையைக் காலியாவே வெச்சிருங்க. வேலை போச்சுன்னாலோ பிரசவம்னாலோ போறதுக்கு அவங்களுக்கு வேற இடம் கிடையாது.

இந்தக் கணக்குல இருபது பிள்ளைங்க வர மாட்டாங்க, எட்டோ பத்தோதான் வருவாங்க. உங்க குழுவுல சிலருக்கு இது ஏமாற்றமாத்தான் இருக்கும். மீதிப் பணம் பொடிநடை சொன்ன பாட்டிகளுக்குப் போகட்டும். இப்போதைக்குக் கொத்தனாரைக் கூப்பிடாதீங்க. அந்த ரெண்டு வீட்டுலயும் பத்து வருஷம் இருக்கத் தயாரா யார் இருக்காங்கன்னு தேடுங்க, அதுக்கே ஒரு வருஷம் பிடிக்கும்.