பழைய ஸ்டார் ட்ரெக்: தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். 1980களில் தூர்தர்ஷனில் வந்த ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை மறுபடியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில், அதில் வரும் பாதி வேற்றுக்கிரகவாசியான ஸ்பாக்கின் கூர்க்காது மட்டும்தான் மனதில் நின்றது. இப்போதுதான் கதை பிடிபடுகிறது.

1967இல் வந்த சுரங்கக் கதையைச் சொல்ல வேண்டும். பாறை மாதிரி ஒரு உயிரினம் தொழிலாளர்களைக் கொல்கிறது. கடைசியில் பார்த்தால், சுரங்கத்தில் அவர்கள் உடைத்துத் தள்ளிய உருண்டைகள் அதன் முட்டைகள். ஸ்பாக் அதன்மேல் கை வைத்து, அதன் மனதோடு தன் மனதை இணைத்து, அதன் வலியைத் தன் வாயால் கத்துகிறார். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை நிற்கிறது என்று அடிக்கடி பேச்சு அடிபடும் ஊரில் இருந்துகொண்டு அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. இதை அம்மாவுக்குக் காட்டியே ஆக வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. இந்த ஒரு பகுதிக்காவது தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் நானே எழுதத் தயார், நேரத்தோடு பொருத்துவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. நான் பார்ப்பது 2006இல் கணினி வரைகலை சேர்த்த பதிப்பு. எனக்கு, சிறு மாதிரியை வைத்துப் படமெடுத்த விண்கப்பல் வரும் பழைய பதிப்புதான் வேண்டும். ப்ளூரே தட்டில் இரண்டுமே உண்டு. ஊட்டி, குன்னூர், கோவைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரவல் தருவீர்களா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.