பென் ஹால் யாரையும் கொல்லவில்லையே, பிறகு ஏன் அப்படிச் சுட்டார்கள்?

மலைச்சாரல்:
ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற கொள்ளைக்காரர் நெட் கெல்லியைப் பற்றித் தேடப் போய், அவருக்கு முந்திய பென் ஹாலிடம் வந்து நின்றுவிட்டேன். நியூ சவுத் வேல்ஸில் சொந்தமாக மாட்டுப் பண்ணை நடத்தியவர், 1862க்குப் பிறகு முழுநேர வழிப்பறிக்காரர். தன் கையால் ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை என்கிறார்கள். ஆனால் 1865 மே 5 விடியற்காலையில், 27 வயதில், போலீஸ் சுட்டு உடம்பில் ஏறக்குறைய 30 குண்டுகள். ஏன் இப்படி முடிந்தது?

கருவேலன்:
எல்லாம் கெட்டது ஓராண்டுக்குள். 1862 ஏப்ரலில் ஃபோர்ப்ஸ் குதிரைப் பந்தயத்தில் வைத்து, சர் ஃபிரெடரிக் பாட்டிங்கர் என்ற போலீஸ் அதிகாரி அவரைப் பிடித்தார். வழிப்பறி வழக்கு நிற்கவில்லை, விடுதலை. அதற்குள் மனைவி பிரிட்ஜெட் குழந்தையோடு வேறொருவருடன் போய்விட்டார். ஜூனில் யூகௌராவில் ஃபிராங்க் கார்டினர் கும்பல் தங்க வண்டியை மடக்கியபோது ஹாலும் உடன் இருந்தார். மறுபடி கைது, மறுபடி விடுதலை. 1863ல் பாட்டிங்கரின் ஆட்கள் அவர் வீட்டையே கொளுத்தினார்கள். இனி எங்கே போவார்?

தாமரைக்குளம்:
கருவேலன் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் "யாரையும் கொல்லவில்லை" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மனம் பொறுப்பதில்லை. 1863 அக்டோபரில் கனௌண்ட்ரா ஊரை மூன்று நாள் பிடித்து வைத்து, ராபின்சன் விடுதியில் ஊராருக்கு விருந்து வைத்ததை எல்லாரும் ஆசையாகச் சொல்கிறார்கள். 1865 ஜனவரி 26 பற்றி யார் பேசுகிறார்கள்? கலெக்டர் என்ற ஊரில் ஹாலும் அவர் கூட்டாளி கில்பர்ட்டும் விடுதிக்குள் கொள்ளையடிக்கிறார்கள். வெளியே காவலுக்கு அவர்கள் கும்பலின் ஜான் டன், 18 வயதுப் பையன். கான்ஸ்டபிள் சாமுவேல் நெல்சன் தனியாளாகத் துப்பாக்கியோடு நடந்து வருகிறார். டன் வேலி மறைவிலிருந்து சுட்டுவிட்டான். மனைவியும் பிள்ளைகளும் அநாதரவானார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஜுகயாங் அருகே சார்ஜன்ட் பாரியை கில்பர்ட் சுட்டுக் கொன்றிருந்தான். இரண்டு இடத்திலும் ஹால் இருந்தார். பாரி செத்த பிறகும் கில்பர்ட்டை விட்டு விலகவில்லை. விசை அழுத்தியது வேறு கை என்பதால் தலைவன் தப்பிவிட முடியுமா? நெல்சனுக்குக் கலெக்டரில் நினைவுச்சின்னம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் நின்று பாருங்கள்.

மலைச்சாரல்:
நெல்சன் கதை எனக்குத் தெரியாது. நன்றி. சரி, ஹாலைச் சரணடையச் சொன்னார்களா, இல்லையா?

தாமரைக்குளம்:
நிற்கச் சொன்னதாக சப்-இன்ஸ்பெக்டர் டேவிட்சன் விசாரணையில் சாட்சி சொன்னார். அன்று கூபாங் ஓடை அருகே ஹால் தனியாகப் படுத்திருந்தார். துப்புக் கொடுத்தது அவர் நம்பிய ஆள். இரவெல்லாம் போலீஸார் புதரில் காத்திருந்தார்கள், பில்லி டார்ஜின் என்ற பழங்குடித் தடம் காண்பவரும் கூட இருந்தார். விடிந்ததும் ஹால் கடிவாளத்தோடு குதிரைகளைப் பிடிக்கப் போனார், ஆட்களைக் கண்டதும் ஓடினார். முதல் குண்டு டேவிட்சனுடையது. தலைக்கு 1,000 பவுண்டு விலை இருந்தது. பிடிபடாதவர்களைக் கண்ட இடத்தில் சுட வழிவிடும் சட்டமும் ஏப்ரலில் வந்திருந்தது. விழுந்த பிறகும் அத்தனை குண்டுகள் எதற்கு என்று கேட்டால், அதை என்னால் நியாயப்படுத்த முடியாது. எட்டு நாளில் பினலாங் அருகே கில்பர்ட்டும் சுடப்பட்டான். டன் மட்டும்தான் நீதிபதி முன் நின்றான், 1866 மார்ச்சில் சிட்னியில் தூக்கிலிட்டார்கள்.