புதுப்பிப்பு: வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு, ஏழு பாடம் ஐந்தான கதை

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து, 15 வயது மகளுக்கு என்.ஐ.ஓ.எஸ்-இல் (பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) எத்தனை பாடம் எடுக்கலாம், தினமும் எத்தனை மணி நேரம் படிக்க வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "ஐந்து பாடம் போதும், எல்லாவற்றையும் ஒரே தேர்வில் எழுத வேண்டாம்" என்ற யோசனைதான். ஏழு பாடம், ஆறு மணி நேரம் என்று நான் போட்ட அட்டவணை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, பிள்ளை கணக்கு நோட்டின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிடுவாள். இப்போது தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஓவியம். தமிழும் ஓவியமும் அக்டோபர் தேர்வில் எழுதித் தேறிவிட்டாள், மற்ற மூன்றும் ஏப்ரலில். காலையில் ரப்பர் ஷீட் காயப்போட்ட கையோடு திண்ணையில் கணக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம், அப்புறம் இன்னொரு பாடம், மதியத்துக்கு மேல் புத்தகமே கிடையாது.

எதிர்பாராதது டி.எம்.ஏ., அதாவது வீட்டில் எழுதிக் கொடுத்து ஆசிரியர் மதிப்பெண் போடும் ஒப்படைப்பு. அதற்கு 20 சதவீத மதிப்பு உண்டு, நான் அதைச் சும்மா வீட்டுப்பாடம் என்று நினைத்துக் கடைசி வாரம் வரை விட்டுவிட்டேன், ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதினாள். அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.