ஓரம் சில்லு போன பழைய கேரம் ஸ்ட்ரைக்கருக்கு மாற்று: எடை பார்க்கிறதா, விட்டம் பார்க்கிறதா?

செல்லூர் சுண்டி:
பழைய மெலமைன் ஸ்ட்ரைக்கர், ஓரத்துல சில்லு தெறிச்சுப்போச்சு. அதே கைப்பதத்துக்கு மாற்று வேணும். அளவெல்லாம் எடுத்தாச்சு: விட்டம் 39.8 மி.மீ., தடிமன் 7.5 மி.மீ., எடை 14 கிராம். கடையில காட்டுறது எல்லாம் 41.3 மி.மீ., 9.5 தடிமன், 15 கிராம் அக்ரிலிக். போர்டு 74 செ.மீ., காய் 31 மி.மீ., 5¼ கிராம். 15-ஐயே வாங்கிப் பழகிக்கவா, 14 கிராமாத் தேடவா?

அரசரடி பவுடர்:
14-ஐத் தேடுங்க. விரல் பழகுறது எடைக்குத்தான். கனம் கூடுனா நேர் அடியில காய் குழிக்குள்ள போன கையோட ஸ்ட்ரைக்கரும் பின்னாடியே போய் விழுகும். காயும் போச்சு, ஃபைனும் கட்டணும்.

வைகை கட்:
பவுடர் அண்ணே, கணக்குப் போட்டுப் பாருங்க. மோதல்ல சக்தி எதுவும் வீணாகலைன்னு வச்சுக்கிட்டா, நேரா மோதுன பிறகு 15 கிராம் ஸ்ட்ரைக்கர்கிட்ட மிஞ்சுற வேகம் 48 சதவீதம். 14 கிராமுக்கு 45. மூணு சதவீத வித்தியாசத்தை எந்த விரலும் கண்டுபிடிக்காது.

விட்டம் அப்படி இல்ல. பழைய 39.8-ல காயைத் தொடுற நேரத்துல ரெண்டு மையத்துக்கும் இடைவெளி 35.4 மி.மீ. 41.3-ல அது 36.15. பழசை வச்சு 30 டிகிரி கட் (காயை ஓரமாத் தொட்டுச் சரிவா அனுப்புற அடி) விழுந்த அதே கோட்டுல புதுசை விட்டா 29.3 டிகிரிதான் திரும்பும். 40 செ.மீ. தள்ளி இருக்கிற குழிக்குப் போய்ச் சேரும்போது 5 மி.மீ. விலகிடும். குழி 44.5, காய் 31. பக்கத்துக்கு 6.75 மி.மீ.தான் இடம். அதுல முக்கால்வாசியை ஸ்ட்ரைக்கரே தின்னுடுது, மிச்சம் இருக்கிறதுலதான் நம்ம கைத்தப்பு அடங்கணும். நேர் அடி நல்லா விழுது, கட் மட்டும் ஏன் போகலைன்னு ஆளுங்க குழம்புறது இதுனாலதான்.

அரசரடி பவுடர்:
வேகத்தைச் சொன்னீங்க, ஓடுற தூரத்தைச் சொல்லலையே தம்பி. தூரம் வேகத்தோட வர்க்கத்துக்குப் போகும். 15 கிராம் மோதிட்டு 10 அங்குலம் ஓடுற இடத்துல 14 கிராம் 9-க்குக் கொஞ்சம் கம்மியா நிக்கும். அடுத்த காய்க்கு ஸ்ட்ரைக்கர் எங்க நின்னா நமக்கென்ன, அதைத் திருப்பி எடுத்துக் கோட்டுல வைக்கப்போறோம், வாஸ்தவம். ஆனா அந்த ஒரு அங்குலத்துலதான் ஸ்ட்ரைக்கர் குழி ஓரத்துல நிக்கிறதும் உள்ள விழுகுறதும். கட் அடி மாறுறதைக் கண்ணு ஒரு வாரத்துல திருத்திக்கும்.

வைகை கட்:
விழுகுற கதைன்னா அதுவும் பெரிய விட்டத்துக்குத்தான் சாதகம். 44.5 குழியில 41.3 விழுகணும்னா 3.2 மி.மீ. சந்துதான் இருக்கு. 39.8-க்கு 4.7. பழசுதான் சுலபமா விழுகும்.

அரசரடி பவுடர்:
அப்ப 41.3-ஐ வாங்கிப் பழகச் சொல்றீங்களா? முதல்ல அதுதானே கூடாதுன்னீங்க!

வைகை கட்:
இல்லண்ணே, பழசை அப்படியே எடுக்கணும்னா விட்டத்துல பிடிங்கன்னேன். புதுசாப் பழகத் தயார்னா 41.3 தாராளமா எடுக்கலாம். அது வேற முடிவு.

கீழவாசல் ரெட்:
ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டுறீங்க. பழைய ஆளுங்க வீட்டுல யானைத் தந்த ஸ்ட்ரைக்கர் கெடக்கும், ஒண்ணு கேட்டு வாங்குங்க. அந்த வழுவழுப்பு அக்ரிலிக்ல வருமா?

திருநகர் அம்பயர்:
வராது, ஆனா வாங்காதீங்க. போட்டி விதியில தந்தமும் உலோகமும் ரெண்டுமே கூடாது. அதுக்கு மேல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேற இருக்கு. தந்தத்தை விக்கிறதும் வாங்குறதும் வம்பு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். விதியில 15 கிராமும் 4.13 செ.மீ.யும் மேல் வரம்புதான். 39.8, 14 கிராம்ல ஆடுனா யாரும் தடுக்க முடியாது. போட்டி மேசையில எடை போடுறப்ப மாட்டுறது 15-ஐத் தாண்டினதுதான். தெருப் போர்டுல ஓடுற கனத்த ஸ்ட்ரைக்கரை வச்சுப் பழகிட்டுப் போட்டிக்கு வர்றவங்களுக்குத்தான் சிக்கல்.

வைகை கட்:
அப்ப வழி சுலபம். 15 கிராம் அக்ரிலிக்கை வாங்கி லேத்துல 39.8-க்குக் கடைஞ்சா எடை எம்புட்டு வரும்னு பாருங்க: 39.8-ஐ 41.3-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 0.929. 15 கிராம் 13.9 ஆகுது. பவுடர் அண்ணன் கேட்ட எடை, நான் கேட்ட விட்டம், ரெண்டும் ஒண்ணுலயே.

அரசரடி பவுடர்:
லேத்துல நேரா சக்குல (பொருளைக் கவ்விப் பிடிக்கிற பிடியில) மாட்டுனா தாடைத் தடம் ஓரத்துல பதிஞ்சுடும். அக்ரிலிக் சூட்டுக்கு இளகி உளியில பிசின் மாதிரி ஒட்டும். ஓரம் அலை அலையா வரும். அப்புறம் பலகைக் கட்டையில பட்டுத் திரும்புற அடி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போகும்.

வைகை கட்:
சக்குல மாட்டவே வேணாம். 35 மி.மீ. நைலான் வட்டு ரெண்டு எடுத்து, நடுவுல ஸ்ட்ரைக்கரை இரட்டைப்பக்க டேப்புல ஒட்டி, டெயில்ஸ்டாக்ல (லேத்தோட எதிர்முனையில) சுத்துற சென்டர் முனையை வச்சு அழுத்தணும். உளி புதுசாத் தீட்டுனதா இருக்கணும், ஒரு தடவைக்கு 0.2 மி.மீ.க்கு மேல எடுக்கக் கூடாது, சோப்புத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். 39.9-ல நிறுத்திட்டு மிச்சத்தை 400, 800, 1200 நம்பர் தண்ணி உப்புத்தாள்ல முடிக்கணும். ஸ்ட்ரைக்கர் சரியா நடுவுல உட்காரலைன்னாலும் கவலை இல்ல, சுத்தி வெட்டுனதும் வட்டம்தான். உள்ள இருக்கிற பூ டிசைன் மட்டும் ஒருபக்கம் தள்ளித் தெரியும். மேல் கீழ் விளிம்பு ரெண்டையும் ஒரு மி.மீ. அளவுக்கு உருட்டிடுங்க. கீழ் விளிம்பை ரொம்பச் சரிச்சா காய் மேல ஏறித் துள்ளும்.

திருநகர் அம்பயர்:
செஞ்சு முடிச்சதும் கண்ணாடிப் பலகையில வச்சு மேல நாலு ஓரத்தையும் விரலால தட்டுங்க. டக் டக்னு ஆடுனா அடிப்பக்கம் தட்டையா இல்ல, அதைத் திருப்பிக்கொடுங்க. பாலீஷ் போட ஸ்பிரிட், தின்னர் எதுவும் தொடக் கூடாது, அக்ரிலிக்ல மயிரிழையா விரிசல் ஓடும்.

அரசரடி பவுடர்:
எல்லாம் சரி, தடிமன்? பழசு 7.5, இது 9.5. அதை யாரும் பேசல. சுண்டுறப்ப நகம் படுற உயரம் மாறுது. கத்தரி (ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வச்சுச் சுண்டுறது) அடிக்கிறவங்களுக்கு இது பெருசாத் தெரியும். கடைஞ்சு தடிமனைக் குறைச்சா எடை 11 கிராமுக்கு வந்துடும்.

வைகை கட்:
அது உண்மை, அதுக்கு மருந்து இல்ல. மெலமைனுக்கு அடர்த்தி ஏறக்குறைய 1.5, அக்ரிலிக்குக்கு 1.18. அதே எடை மெல்லிசா வேணும்னா மெலமைன் பழைய ஸ்டாக்தான் பார்க்கணும்.

செல்லூர் சுண்டி:
சில்லு போன இடத்தை எபாக்ஸி வச்சு அடைச்சா?

திருநகர் அம்பயர்:
அடைச்ச இடம் மெலமைனை விட மெத்துன்னு இருக்கும், அந்தப் பக்கம் பட்ட அடி செத்துப்போகும். பழக ஆடுறதுக்குன்னா அடைக்காமலே ஆடலாம். சில்லை முன்பக்கமும் வைக்காம நகம் படுற பக்கமும் வைக்காம, பின்னால சாய்வாத் திருப்பி வச்சு அடிங்க. நேர் அடிக்கும் கட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. ரீபவுண்டுக்கு (கட்டையில பட்டுத் திரும்புற அடிக்கு) மட்டும் நம்பாதீங்க.

செல்லூர் சுண்டி:
சரி, 15 கிராம்ல ரெண்டு வாங்குறேன். ஒண்ணைக் கடையிறேன், ஒண்ணை அப்படியே வச்சுக்கிறேன். கடையில எடை போட்டுத் தர மாட்டேங்கிறாங்களே?

அரசரடி பவுடர்:
நம்ம மதுரை தெற்காவணி மூல வீதியில எந்த நகைப் பட்டறையில கேட்டாலும் தராசுல வச்சுச் சொல்லிடுவாங்க. ரெண்டும் ஒரே எடை காட்டுற ஜோடியா எடுங்க. 15-ஐத் தாண்டினதை வாங்காதீங்க. மழைக் காலத்துல போரிக் பவுடர் கட்டி கட்டி வரும், அக்ரிலிக் அடியிலயும் ஒட்டும். ஒவ்வொரு போர்டு முடிஞ்சதும் பருத்தித் துணியில துடைச்சுட்டு ஆடுங்க, இல்லைன்னா எடையைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

வைகை கட்:
கடையிறதுக்குப் புதூர் தொழிற்பேட்டை. போறப்ப பழைய ஸ்ட்ரைக்கரையும் கையில கொண்டுபோங்க. எண்ணைச் சொல்றதை விட, வெர்னியர் அளவுகோலைப் பழசுல வச்சுப் பார்த்துட்டு அதே அளவுக்குக் கொண்டுவரச் சொல்றது நல்லது. சில்லு இல்லாத இடத்துல பிடிக்கச் சொல்லுங்க.